சர்வீஸுக்கு முந்தின ராத்திரி

கேள்வி: எங்கள் வண்டி 2023 மாடல் கிரெட்டா 1.5 டீசல். பிக்கப் இன்னும் நன்றாக வர வெளியில் கிடைக்கும் ஏர் ஃபில்டர் ஒன்று போடலாம் என்றிருக்கிறேன். எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரா, ஃபோமா, இல்லை பாக்ஸையே எடுத்துவிட்டு கோன் ஃபில்டரா? டர்போ விசில் சத்தமும் கொஞ்சம் கேட்க வேண்டும். பட்ஜெட் 7,000 ரூபாய். தினமும் க.பரமத்தி பக்கம் வேலைக்குப் போய்வருகிறேன். வண்டி அப்பா பேரில் இருக்கிறது, எக்ஸ்டெண்டட் வாரண்டியும் போட்டிருக்கிறார். சர்வீஸுக்கு அவர்தான் கொண்டுபோவார் என்பதால் முந்தின ராத்திரி கம்பெனி ஃபில்டரைத் திரும்ப மாட்டிவிடுவேன், வாரண்டிக்குப் பிரச்சினை வராது. எதை வாங்கலாம்?
வாசகர், கரூர்

பதில்: தம்பி, காட்டனா ஃபோமா என்பதை அப்புறம் பார்ப்போம். இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் எத்தனையோ வண்டிக்குக் கேட்டுவிட்டார்கள், பதில் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முந்தின ராத்திரி கம்பெனி ஃபில்டரைத் திரும்ப மாட்டிவிடுவேன் என்று, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வகை ஃபில்டரைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறவர், இதைச் செய்யலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிவே செய்துவிட்டீர்கள்.

மறுநாள் காலையில் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? அப்பா வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார். "சார், வெளியில ஏதாவது வேலை பார்த்தீங்களா, பார்ட்ஸ் மாத்தினீங்களா?" என்று கேட்பார்கள். "இல்லீங்க, எல்லாம் இங்கதான்" என்று சொல்லி ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவார். பொய் உங்களுடையது, அதைச் சொல்ல வைத்திருப்பது அவர் வாயால். நாளைக்கே டர்போவிலோ சென்சாரிலோ ஏதாவது வந்து, இன்டேக் குழாயைக் கழற்றும்போது உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், அந்த மேஜைக்கு முன்னால் பதில் தெரியாமல் நிற்கப்போவதும் அவர்தான். வெளிப் பாகத்தால் வந்த கோளாறுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று வாரண்டி புத்தகத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். காசு கட்டி எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கிய மனிதருக்கு அது எப்படி இருக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. சர்வீஸ் அட்டவணைப்படி ஃபில்டர் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்தால் அவர்கள் மாற்றுவார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பாலிதீன் கவரில் தூங்கிய ஃபில்டரைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவார்கள், அதற்கும் அப்பா பில் கட்டுவார். கிரஷர் லாரி ஓடுகிற ரோட்டில் தினமும் போகும் வண்டியில் ஃபில்டர் வெள்ளை வெளேரென்று இருந்தால் மெக்கானிக்குக் கண் தெரியாதா என்ன?

நீங்கள் வாங்கப்போவது உண்மையிலேயே என்ஜினுக்கு நல்லது என்று நம்பியிருந்தால் அப்பாவிடம் காட்டியிருப்பீர்கள். மறைக்கத் திட்டம் போடும்போதே உங்களுக்குள் ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்தச் சந்தேகம் சரியானதுதான், ஏனென்று சொல்கிறேன்.

டீசல் என்ஜினுக்குள் காற்று எப்போதுமே தேவைக்கு மேல்தான் போகிறது. சக்தி எவ்வளவு என்பதை எவ்வளவு டீசல் அடிப்பது என்ற கணக்குதான் தீர்மானிக்கிறது, அந்தக் கணக்கு என்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியுவிடம் இருக்கிறது. உங்கள் வண்டியின் சுமார் 115 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர் எல்லாம் அப்படி வருவதுதான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எவ்வளவு பூஸ்ட், அதாவது அழுத்தம், தர வேண்டும் என்பதற்கும் அது ஒரு இலக்கு வைத்திருக்கிறது. ஃபில்டரில் காற்று கொஞ்சம் சிரமப்பட்டு வந்தால் டர்போவைக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றவைத்து அந்த இலக்கை எட்டும், காற்று தாராளமாக வந்தால் அதே இலக்கில் நிறுத்திக்கொள்ளும். ஆகவே ஈசியுவின் கணக்கை மாற்றி எழுதும் ரீமேப் எதுவும் செய்யாத வண்டியில், சுத்தமான பேப்பர் ஃபில்டரை எடுத்துவிட்டு விலை உயர்ந்த ஒன்றை வைத்தால் பிக்கப்பில் உங்களுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் மாறாது. மாறுவது சத்தம். கோன் போட்டால் அந்த விசில் நிச்சயமாகக் கேட்கும், காதுக்கு வேகம் கூடின மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் தூசி விஷயத்தில் மாறும். 1.5 லிட்டர் என்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் ஓடினால் டர்போ கணக்கைச் சேர்க்காமலே நிமிடத்துக்குச் சுமார் 1,500 லிட்டர் காற்றை இழுக்கும், டர்போ அழுத்தும்போது அதற்கும் மேல். அந்தக் காற்றை நீங்கள் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? க.பரமத்தி ரோட்டில், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பருக்குப் பின்னால். கல் தூளில் இருக்கும் குவார்ட்ஸ் என்ஜின் இரும்பைவிடக் கடினம். டர்போவின் கம்ப்ரஸர் சக்கரம் வெறும் அலுமினியம், அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் தூள் வந்து மோதினால் இறக்கையின் ஓரம் தேயும், தாண்டிப் போவது பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைக்கும். ஒரு ஃபில்டர் 99 சதவீதம் தூசியைப் பிடிக்கிறது, இன்னொன்று 97 என்றால் வித்தியாசம் இரண்டுதானே என்று விற்கிறவர் சொல்வார். உள்ளே போகிற பக்கத்திலிருந்து பாருங்கள், நூறு கிராம் தூசியில் ஒரு கிராம் போன இடத்தில் மூன்று கிராம் போகிறது. ஐஎஸ்ஓ 5011 என்று ஏர் ஃபில்டருக்கான சோதனை முறை இருக்கிறது. தூசி பிடிக்கும் அளவைக் காட்டும் அந்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள், காட்டாமல் காற்றோட்டத்தை மட்டும் பெருமையாகப் பேசினால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

காட்டன் ஃபில்டரில் எண்ணெய் இருக்கிறது. கே அண்ட் என் போன்றவை நல்ல பொருள்தான், அளவாகத் தடவினால் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஆனால் கழுவிவிட்டு மறுபடி எண்ணெய் விடும்போது கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால் அது காற்றோடு போய், ஃபில்டருக்கு அடுத்து இருக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரில் படியும். சென்சார் தப்பாகச் சொன்னால், புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் ஈஜிஆரின் கணக்கு தப்பும், புகைக்கரி கூடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசலில் அந்தக் கரியெல்லாம் புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்பில்தான் போய் அடையும், அதன் விலையை ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். ஃபோமிலும் அதே எண்ணெய்க் கதைதான். கோன் என்றால் பாக்ஸ் போய்விடும், பானெட்டுக்குள் இருக்கிற சூடான காற்றைத்தான் இழுக்கும், அதுவும் நம் ஊர் சித்திரை வெயிலில். உங்கள் வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? பேப்பர் ஃபில்டர். கம்பெனி ஒரிஜினல், இல்லையென்றால் பாஷ், மாலே, மான் இவற்றில் உங்கள் மாடலுக்கென்றே வருவது. தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள், டூப்ளிகேட் நிறைய வருகிறது. சுற்றியிருக்கும் ரப்பர் விளிம்பு பாக்ஸில் எங்கும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், அங்கே நூல் அளவு சந்து இருந்தாலும் எந்த பிராண்டும் உங்களைக் காப்பாற்றாது. ராத்திரியில் டார்ச் வைத்துக்கொண்டு அவசரமாகக் கழற்றி மாட்டினால் அந்தச் சந்து எளிதாக வரும், இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். தூசியான ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஓனர்ஸ் மேனுவலில் தனி அட்டவணை போட்டிருப்பார்கள், நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். பங்கில் நிறுத்தி ஏர் அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், அந்த அழுத்தத்தில் பேப்பர் கிழிந்தால் கண்ணுக்கே தெரியாது. அழுக்கானால் மாற்றுங்கள். 7,000 ரூபாயில் இன்னும் பல வருஷத்துக்கான ஃபில்டர் வாங்கலாம்.

தவணை யார் கட்டுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் கட்டியிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அப்பா பேரில் இருக்கும் வண்டியை ஓட்டலாம், டீசல் போடலாம், கழுவலாம். உள்ளே ஒரு பாகத்தை மாற்ற வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும், கேட்டு அவர் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். ஓட்டுகிறது நான்தானே என்பது இதற்குப் பதில் ஆகாது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது, உங்கள் வயசுப் பிள்ளைகளுக்குப் பிடிக்காவிட்டாலும் இதைத்தான் சொல்வேன். விசில் சத்தம் மேல் அவ்வளவு ஆசை என்றால், உங்கள் சம்பளத்தில் உங்கள் பேரில் ஒரு வண்டி எடுத்து, உங்கள் கையெழுத்தில் சர்வீஸுக்கு விட்டு, என்ன வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஃபில்டர் ஏற்கனவே ஆர்டர் போட்டிருந்தால் கேன்சல் செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் பானெட்டைத் திறக்கும்போது அப்பாவையும் கூப்பிட்டு, இந்த ரோட்டுக்கு ஃபில்டரைச் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும் என்று பழையதைக் கழற்றிக் காட்டுங்கள். பாக்ஸின் அடியில் கிடக்கும் மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதுசை மாட்டுங்கள், தேதியையும் கிலோமீட்டரையும் அதன் ஓரத்தில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். பில்லை அவரிடமே கொடுங்கள், காசு உங்கள் பையிலிருந்து போகட்டும்.