லேப்ரடாரின் தொடையில் திடீர் ஈரப்புண்: இன்னோர் ஊசி போடலாமா?

கேள்வி: மகன் சிங்கப்பூர் போகும்போது நாலு வயது லேப்ரடாரை எங்களிடம் விட்டுப் போனான். ஒரு மாதமாகச் சொறிந்துகொண்டே இருந்தது. நேற்றுக் காலை பார்த்தால் பின்தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி ஒட்டி, சிவந்து, ஈரமாகக் கிடக்கிறது. குட்டி வாங்கித் தந்தவர் போன வாரம் ஓர் ஊசி போட்டார். இரண்டு நாள் சும்மா இருந்தது, அப்புறம் பழையபடிதான். ‘சூட்டுப் புண், கறியை நிறுத்துங்கள், இன்னோர் ஊசி போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார். போடலாமா? வீட்டில் இரண்டு பூனைகளும் உண்டு.
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம் ஆச்சி. முதல் ஊசியில் என்ன இருந்தது என்று தெரியாமல் இரண்டாவதைப் போடவே கூடாது.

இந்தப் புண்ணை ஹாட் ஸ்பாட் என்போம். உடம்புச் சூட்டால் வருவதல்ல, கறியால் வருவதும் அல்ல. எங்கோ அரிக்கிறது, நாய் அதே இடத்தைக் கடித்து நக்குகிறது, தோல் உரிந்து நீர் கசிகிறது, அந்த ஈரத்தில் கிருமி பெருகுகிறது. சில மணி நேரத்தில் உள்ளங்கை அகலம் ஆகிவிடும். லேப்ரடாருக்கு அடிமுடி அடர்த்தி. குளிப்பாட்டியோ ஊருணியில் இறங்க விட்டோ சரியாகத் துவட்டாமல் விட்டால் இன்னும் சுலபமாக வரும்.

இன்றே செய்ய வேண்டியது: புண்ணைச் சுற்றியுள்ள முடியை டிரிம்மரால் எடுங்கள், சவரக் கத்தி வேண்டாம். நல்ல தோல் தெரியும்வரை எடுக்க வேண்டும். நினைத்ததைவிடப் புண் பெரிதாகத் தெரியும், பயப்படாதீர்கள். வலியில் கடிக்க வந்தால் நிறுத்திவிடுங்கள், மருத்துவர் மயக்கம் கொடுத்துச் செய்வார். பிறகு போவிடோன் அயோடினை வெளிறிய டீ நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து, காலை மாலை இரு வேளையும் துடைத்து, ஒற்றி உலர்த்துங்கள். கட்டுப் போடாதீர்கள், காற்றுப் பட வேண்டும். கழுத்தில் கூம்பு மாட்டியே ஆக வேண்டும். பாவமாக இருக்கிறது என்று கழற்றிவிட்டால், நீங்கள் இரண்டு நாள் பார்த்த வைத்தியத்தை அது ஒரு ராத்திரியில் நக்கிக் கெடுத்துவிடும்.

மஞ்சள், வேப்பெண்ணெய், டெட்டால் எதையும் புண்ணில் வைக்காதீர்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுத் தடவுகிறார்கள். நாய் நக்கினால் கற்பூரம் விஷம், வலிப்பே வரலாம். மெடிக்கலில் ‘சொறிக்கு’ என்று கேட்டதும் எடுத்துத் தரும் மூன்று மருந்துக் கலவை டியூபும் வேண்டாம். மனிதத் தோலுக்கான வீரியமான ஸ்டீராய்டு அதில் இருக்கும், அதையும் நாய் நக்கி விழுங்கும்.

இனி அந்த ஊசிக்கு வருகிறேன். இப்படிப் பையோடு வந்து போடப்படுவது பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும், அல்லது பூச்சிகளைக் கொல்லும் ஐவர்மெக்டினாக இருக்கும், சில சமயம் இரண்டும். ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல, நானும் எழுதித் தருகிறேன். ஆனால் அது அரிப்பை அமுக்குமே தவிர, அரிப்பின் காரணத்தைத் தொடாது. அதனால்தான் இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் பழைய கதை. திரும்பத் திரும்பப் போட்டால் நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், வயிறு தொங்கும், உள்ளே ஒளிந்திருக்கும் சொறிப்பூச்சி தலைதூக்கும். ஊசி போட்டவரிடம் குப்பியைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். குட்டி விற்பவரே தடுப்பூசியும் போட்டு, கார்டும் எழுதித் தருவது இங்கே தொழிலாகவே ஆகிவிட்டது. உங்கள் நாயின் தடுப்பூசிக் கார்டை எடுத்துப் பாருங்கள். குப்பியின் ஸ்டிக்கரும் பதிவு பெற்ற மருத்துவரின் கையெழுத்தும் இல்லையென்றால், தடுப்பூசி போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு பெற்றவர்தான் கால்நடை மருத்துவம் செய்யலாம் என்று 1984-லேயே சட்டம் வந்துவிட்டது. யார் கேட்கிறார்கள்? அரசு கால்நடை மருந்தகத்துக்கு நாயைக் கொண்டுபோனால், மாட்டுக்கும் ஆட்டுக்குமே மருத்துவருக்கு நேரம் போதவில்லை, பாதி நாள் தடுப்பூசி முகாமில் இருக்கிறார். சொறிப்பூச்சி இருக்கிறதா என்று தோலைச் சுரண்டிப் பார்க்க ஒரு பிளேடும் ஒரு நுண்ணோக்கியும் போதும். அதற்காக ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிவரை போ என்பது என்ன நியாயம்? அந்த இடைவெளியில்தான் இந்த ஊசிக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

சரி, அரிப்பின் காரணம் என்ன? புண் காதுக்குக் கீழே கன்னத்தில் இருந்தால் காதில் நாற்றம் அடிக்கிறதா என்று முகர்ந்து பார்க்கச் சொல்வேன். தொடை, இடுப்பு, வாலடி என்றால் என் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. வாலடியில் சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது பூச்சியின் எச்சம், அதாவது உங்கள் நாயின் ரத்தம். நாய்மேல் தெரியும் பூச்சி மொத்தத்தில் சிறு பங்குதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் நாய் படுக்கும் கோணியிலும் வளவின் தரை இடுக்குகளிலும் கிடக்கின்றன. உண்ணியோ சுவர் வெடிப்பில் ஏறி முட்டையிடும். பழைய வீடுகளில் இதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. படுக்கையை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள், இடுக்குகளைத் தினமும் பெருக்குங்கள். நாய்க்கு மாதம் ஒரு முறையோ 12 வாரத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் மாத்திரைகள் உண்டு, எடைக்கு ஏற்ப மருத்துவர் தருவார். முன்பு வலிப்பு வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பூனைகள் விஷயத்தில் மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாய்க்குக் கழுத்தில் சொட்டும் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஆபத்தில்லை, பூனைக்குக் கொடிய விஷம். பூனைமேல் சொட்டினால்தான் என்று இல்லை. மருந்து காயாத நாயோடு உரசினாலும், அதை நக்கினாலும், ஒரே கோணியில் படுத்தாலும் போதும்: உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், உயிரே போகலாம். கடைக்காரர் ‘பூனைக்கும் இதுதான், பாதி சொட்டுங்கள்’ என்றால் கேட்காதீர்கள், பாதியும் விஷம்தான். சொட்டு மருந்து எல்லாமே இப்படியல்ல. ஆனால் அட்டையில் உள்ள பொடி எழுத்தைப் படித்துப் பிரித்தறியும் சிரமம் உங்களுக்கு எதற்கு? பூனை இருக்கும் வீட்டில் நாய்க்கு மாத்திரை, பூனைக்குப் பூனைக்கென்றே உள்ள மருந்து என்று கேட்டு வாங்குங்கள். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கண்ணளவாகக் கலந்து நாய்க்கு ஊற்றுவதும் வேண்டாம்.

இரண்டு நாளில் புண் வறளத் தொடங்க வேண்டும். பரவினாலோ, நாற்றம் அடித்தாலோ, நாய் சோர்ந்து சாப்பிடாமல் கிடந்தாலோ, ஈறு வெளுத்தாலோ அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டிலுள்ளவர்களுக்கும் கையில், வயிற்றில் அரிக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள், சொறிப்பூச்சி தொற்றியிருக்கலாம். ஊசி போட்ட தேதியையும், கிடைத்தால் குப்பியின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.