நான்கு நீதிபதிகள் சொன்னால் சட்டமாகிவிடுமா?

வணக்கம் ஐயா,

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நடப்பு வழக்குகளைப் பற்றி ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதும் இதழ் ஒன்றைக் கொண்டுவருகிறோம். உள் ஒதுக்கீட்டுத் தீர்ப்பைப் பற்றிய கட்டுரையில், ‘பட்டியல் சாதியினருக்கும் கிரீமி லேயர் (முன்னேறிவிட்டவர்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்குவது) உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது’ என ஒரு மாணவர் எழுதினார். ஆசிரியர் அந்த வரியை அடித்துவிட்டார். ஏழு பேரில் நான்கு நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்களே என்கிறார் மாணவர். யார் சொல்வது சரி? நிலுவையில் உள்ள வழக்குகளைப் பற்றி எழுதலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆசிரியர் அடித்தது சரி. மாணவரின் கணக்கில் பிழையில்லை. எந்தக் கேள்விக்கான பதிலை எண்ணுகிறோம் என்பதைத்தான் அவர் பார்க்கவில்லை.

பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு கூடாது என்று 2004-ல் சின்னையா வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். அதை இன்னொரு ஐவர் அமர்வு மாற்ற முடியாது என்பதால்தான் நீங்கள் குறிப்பிடும் உள் ஒதுக்கீட்டு வழக்கான தேவிந்தர் சிங் வழக்கு எழுவர் அமர்வுக்குப் போனது. அவர்கள் முன் இருந்தது உட்பிரிவு செல்லுமா, சின்னையா தீர்ப்பு சரியா என்ற கேள்வி. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஆறு பேர் செல்லும் என்றார்கள். நீதிபதி பேலா திரிவேதி மாறுபட்டார். ரேஷியோ, அதாவது மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் பகுதி, அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் தரும் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் நிலைப்பதும் அதனால்தான்.

கிரீமி லேயர் அந்தக் கேள்வியிலேயே இல்லை. நீதிபதி கவாய் அதை வலியுறுத்தினார். விக்ரம் நாத்தும் சதீஷ் சந்திர சர்மாவும் ஆமோதித்தார்கள். பங்கஜ் மித்தலோ ஒரு தலைமுறையோடு சலுகை நிற்க வேண்டும் என்று வேறு வழியில் போனார். நான்கும் சேர்ந்தாலும் ஒபிட்டர்தான், அதாவது கேள்விக்கு வெளியே சொன்ன, கட்டுப்படுத்தாத கருத்து. உயர் நீதிமன்றங்கள் அதற்கு மதிப்புக் கொடுக்கும், சரி. ஆனால் அதைக் காட்டி ஒரு தாசில்தார் சாதிச் சான்றிதழை மறுக்க முடியாது.

இந்தத் தீர்ப்பில் ஆறு தனித்தனித் தீர்ப்புரைகள், 500 பக்கங்களுக்கு மேல். முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் பாதியில் களைத்துப்போய் நாளிதழ்ச் செய்தியை நம்பிவிடுவீர்கள். எழுவர் அமர்வுக்கு எந்தக் கேள்வி அனுப்பப்பட்டது என்ற பத்தியை முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு ஒவ்வொரு தீர்ப்புரையின் முடிவுப் பகுதி. ஒரு தாளில் ஏழு நீதிபதிகளுக்கு ஏழு கட்டம் போட்டு, கேள்விவாரியாக ஆம், இல்லை, பேசவில்லை என்று பத்தி எண்ணோடு குறியுங்கள். ‘பேசவில்லை’ கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கிரீமி லேயர் வரிசையில் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட்டுக்கு அதைத்தான் எழுத வேண்டும். மேற்கோளில் நீதிபதியின் பெயரும் வரட்டும். தலைக்குறிப்பிலிருந்து (தீர்ப்பின் தொடக்கத்தில் சேர்க்கப்படும் சுருக்கம்) மட்டும் எடுக்காதீர்கள். அது தீர்ப்பின் பகுதி அல்ல.

நிலுவை வழக்கைப் பற்றி எழுதலாம். சட்டக் கேள்வியோடு நில்லுங்கள். சாட்சி பொய் சொல்கிறார், குற்றவாளி இவர்தான் என்று போனால் சிக்கல். நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971-இன் 5-ஆம் பிரிவு நியாயமான விமர்சனத்துக்குத் தரும் பாதுகாப்பு, இறுதியாக முடிந்த வழக்கின் தகுதியைப் பற்றிப் பேசும்போதுதான். மேல்முறையீட்டுக் காலம் ஓடிக்கொண்டிருந்தால் வழக்கு முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயர் பழைய செய்தியில் வந்திருந்தாலும் போடாதீர்கள். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு.

கட்டுரை எழுதும் ஆசிரியர் அதே வழக்கில் ஆஜரானவரோ கருத்துரை கொடுத்தவரோ என்றால், அதைக் கட்டுரையின் அடியில் ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.