காரணமே இல்லாமல் வரும் மூன்றாவது முறை

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு இருதுருவ மனநோய், சில காலம் கடும் மனச்சோர்வும் சில காலம் அளவு மீறிய உற்சாகமும் வரும் நோய். முதலில் அப்பா இறந்தபோது வந்தது, அடுத்து வேலை போனபோது. மூன்றாவது முறை எந்தப் பிரச்சினையும் இல்லாதபோதே வந்துவிட்டது. "சும்மா இருக்கும்போது எப்படி வரும்? நடிக்கிறான்" என்கிறார்கள் வீட்டில். இப்போது நன்றாக இருப்பதால், இதற்குச் சாப்பிடும் லித்தியம் மாத்திரையை நிறுத்தலாமா என்கிறான்.

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

நடிப்பு இல்லை. இந்த நோயின் போக்கே பலருக்கு அப்படித்தான். ஜெர்மானிய மருத்துவர் கிரேப்லின் நூறு ஆண்டுக்கு முன்பே ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். கணவர் இறந்தபோது மனச்சோர்வில் விழுந்தார், அடுத்த முறை வளர்த்த நாய் இறந்தபோது, அதற்கடுத்து புறா இறந்தபோது. நோய் அதேதான், அதைக் கிளப்பப் போதுமான அடி சிறுத்துக்கொண்டே போனது.

1960களில் கோடார்ட் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளின் மூளையில், அமிக்டலா என்ற பகுதியில், தினமும் மிகச் சிறிய மின்சாரம் செலுத்தினார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. நாள்கள் போகப்போக அதே அளவு மின்சாரத்துக்கு வலிப்பு வந்தது. நெடுநாள் தொடர்ந்தால் மின்சாரம் இல்லாமலே வரும். சுள்ளி பற்றுவதுபோல என்பதால் இதற்குக் 'கிண்ட்லிங்' என்று பெயர். மனநிலை நோய்களும் இப்படி முறைக்கு முறை மூளையை இன்னும் எளிதில் தூண்டப்படுவதாக ஆக்குகின்றன என்று 1992இல் மனநல மருத்துவர் ராபர்ட் போஸ்ட் வாதிட்டார். இது ஒப்புமைதான், தம்பி மூளையில் வலிப்பு ஓடுகிறது என்று பொருளில்லை, எல்லோருக்கும் நோய் இப்படி முற்றுவதும் இல்லை. ஆனால் தடுத்துவிட்ட ஒவ்வொரு முறையும் லாபம் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன்.

ஆகவே லித்தியத்தைத் தானாக நிறுத்தவே கூடாது. ஒரேயடியாக விட்டால் சில வாரங்களிலேயே பித்துநிலை, அதாவது அந்த அளவு மீறிய உற்சாகம், திரும்பும் அபாயம் அதிகம். நிறுத்தியே ஆகவேண்டும் என்றாலும் மருத்துவர் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். ரத்தப் பரிசோதனை, கடைசி வேளை மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. ரத்தத்தில் லித்தியம் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருக்கவேண்டும். தைராய்டும் சிறுநீரகமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடவேண்டாம், லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும். வாந்தி பேதியும் கடும் வியர்வையும் அதையே செய்யும். கை பெரிதாக நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வீட்டில் கவனிக்கவேண்டியது தூக்கம். கல்யாண வீடு, நைட் ஷிஃப்ட், ராத்திரி பஸ் பயணம் என்று கண்விழிப்பதே பித்துநிலையைக் கிளப்பிவிடும். காலண்டரில் தினமும் தூங்கிய மணியை எழுதிவையுங்கள். நான்கு மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாமல் இரண்டு நாள் சுறுசுறுப்பாக இருந்தான் என்றால், மூன்றாம் நாளுக்குக் காத்திராமல் அந்தக் காலண்டரோடு மருத்துவரைப் பாருங்கள்.