அம்மாவுக்கு 67 வயது, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறார். தினமும் நடந்தால் மனச்சோர்வு வராமல் தடுக்க முடியுமா?

கட்டாயம் தடுக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. வரும் வாய்ப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். 2022-இல் 'ஜாமா சைக்கியாட்ரி' என்ற மனநல மருத்துவ இதழில், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. உடலசைவே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் வேகமாக நடக்கிற அளவு உடலுழைப்பு உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு 25 சதவீதம் குறைவு. அதில் பாதி இருந்தாலே 18 சதவீதம் குறைவாம். எனக்குப் பிடித்தது இந்தப் பாதிக் கணக்குதான். மனம் தெளிவாக இருப்பவர்கள்தானே நடக்கவும் கிளம்புவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, அதுவும் கொஞ்சம் கலந்துதான் இருக்கும்.

என் அம்மாவிடம் இந்தக் கணக்கையெல்லாம் ஒப்பித்தவள் நான். கையில் நடக்கும் அடிகளை எண்ணும் கடிகாரம் வேறு கட்டிவிட்டேன், தினமும் பத்தாயிரம் அடி என்று. (அந்தப் பத்தாயிரம் 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.) அம்மா வாசல் வரை வருவார், செருப்பை மாட்டுவார், "இரு, ஒரு நிமிஷம்" என்று பாத்ரூமுக்குப் போவார். திரும்பி வந்து ஒரு காலில் செருப்போடு நின்று யோசிப்பார். மறுபடியும் பாத்ரூம். அப்புறம் "இன்னைக்கு வேண்டாம், நீ போயிட்டு வா." சோம்பல் என்று நினைத்து நானும் ஒரு மாதம் நச்சரித்தேன்.

விஷயம் வேறு. இருமினாலோ வேகமாக நடந்தாலோ சிறுநீர் கசிகிறது. வெளியே போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. வெளியே போவது நின்று, பேச ஆளில்லாமல் போய், மனம் சுருங்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான். இயன்முறை மருத்துவர், சிறுநீரை அடக்க உதவும் அடி இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். இரண்டு மூன்று மாதத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது. அதுவரைக்கும் கசிவை உறிஞ்சும் பேட் வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றியே பத்து நிமிடம்.

அதனால் "நடங்கள்" என்று சொல்வதற்கு முன், எது தடுக்கிறது என்று கேளுங்கள். முட்டி வலியா, விழுந்துவிடுவோம் என்ற பயமா, பிரஷர் மாத்திரை போட்டதும் வரும் தலைசுற்றலா? நேரடியாகக் கேட்டால் "ஒண்ணுமில்லை" என்றுதான் வரும். கூடவே நடந்தபடி கேளுங்கள், எதிரில் உட்கார்ந்து கேட்பதைவிட அது சுலபம். வேகத்துக்குக் கருவி தேவையில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும். 65 தாண்டியவர்கள் இதோடு வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் உடல் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எதிலும் பிடிப்பில்லை என்கிறீர்களே, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், நடைக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். வயதானவர்களுக்கு மனச்சோர்வு சில நேரம் அழுகையாக வராமல் உடம்பு வலியாகவும் மறதியாகவும் வரும். தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடுகூட இப்படி இருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். "நான் இருந்து என்ன பயன்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.