வாழைக் கன்றுக்கு லாம்ப் சோதனை: நெகட்டிவ் வந்தால் நடலாமா?

கேள்வி: என் வாழையில் சில மரங்களுக்கு முடிக்கொத்து நோய் வந்தது. வெட்டிப் போட்டுவிட்டேன். மற்ற மரங்களின் பக்கக்கன்றுகளை நட நினைக்கிறேன். வைரஸின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனை தேவையில்லை, அதையே ஒரே சூட்டில் வைத்துப் பார்க்கும் லாம்ப் சோதனையே போதும் என்கிறார்கள். நம்பலாமா? நெகட்டிவ் வந்தால் நட்டுவிடலாமா?

பதில்: லாம்ப் முறையைத் தாராளமாக நம்பலாம். ஆனால் நெகட்டிவ் என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி நட வேண்டாம்.

பிசிஆரில் டிஎன்ஏ இழைகளைப் பிரிக்க ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி வரை சூடேற்றி இறக்க வேண்டும். லாம்ப் சோதனையில் சேர்க்கும் நொதி எதிரே உள்ள இழையைத் தானே விலக்கிக்கொண்டு புது இழையைக் கட்டுகிறது. அதனால் 60 முதல் 65 டிகிரியில் சுமார் ஒரு மணி நேரம் வைத்தாலே போதும். 2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது. முடிக்கொத்து வைரஸ் டிஎன்ஏ வகை என்பதால் நேரடியாகவே பார்க்கலாம். வெள்ளரித் தேமல் வைரஸ் போன்ற ஆர்என்ஏ வகைக்கு இன்னொரு நொதியும், தனிச் சோதனையும் வேண்டும்.

சோதனை முடிந்த குழாயைத் திறந்தால் அதிலிருந்து தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளியே அடுத்த மாதிரிகளைக் கெடுத்து, நல்ல கன்றையும் பாசிட்டிவ் காட்டிவிடும். ஆகவே வெறும் தண்ணீர் வைத்த குழாயையும், நோய் உறுதியான மாதிரி வைத்த குழாயையும் உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறும் வகை என்றால், தண்ணீர்க் குழாய் இளஞ்சிவப்பாகவே இருக்க வேண்டும், நோய் மாதிரிக் குழாய் மஞ்சளாக வேண்டும். இலைச்சாற்றின் புளிப்பால் சூடேற்றும் முன்பே மஞ்சளான குழாயைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அப்புறம், எந்த இலையைக் கொடுக்கிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். இந்த வைரஸ் உணவு கடத்தும் திசுவில் இருக்கும். தொற்றுக்குப் பிறகு உருவாகும் இலைகளில்தான் நன்றாகச் சிக்கும். எனவே கடைசியாக விரிந்த இளம் இலையின் நடுநரம்பை எடுங்கள். இந்த வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சி சமீபத்தில் தொற்றவைத்த மரம் முதல் சோதனையில் தப்பிவிடலாம். சில வாரம் கழித்து மறுபடி சோதித்து, இரண்டு முறையும் நெகட்டிவ் வந்த, இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் இல்லாத மரத்தில் மட்டும் கன்று எடுங்கள்.

நீங்கள் வெட்டிப் போட்ட மரங்களின் கிழங்கு இன்னும் மண்ணில் இருக்கிறதா? இருந்தால் அதிலிருந்து நோயுள்ள கன்றுகளே கிளம்பும். முதலில் அந்தக் கிழங்கில் முளைத்திருக்கும் கன்றுகளிலும் பக்கத்து மரங்களிலும் அசுவினிக்கு மருந்து அடியுங்கள். அசுவினி செத்த பிறகே கிழங்கைத் தோண்டி எடுங்கள். முன்னதாகத் தோண்டினால் பூச்சி அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடும்.