வலிக்கவில்லை என்றால் விட்டுவிடலாமா? சிறுநீர்த் தொல்லைகள்: கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் ஒரு யூராலஜி கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் கேட்பவர்கள்தான் அதிகம். மாத்திரை அளவெல்லாம் இங்கே சொல்ல மாட்டேன். எதற்கு ஓட வேண்டும், எதற்குப் பதற வேண்டாம் என்பது மட்டும்.

சிஸ்டர், பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயம். ஸ்கேனில் 5 மி.மீ. கல் என்கிறார்கள். தக்காளியைத் தொடவே கூடாது என்கிறார் மாமனார். பீர் குடித்தால் வந்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு பேர் பேச்சையும் வேண்டாம். கல்லில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். தக்காளியில் ஆக்சலேட் குறைவு, விளைந்ததைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். அளவாக வைக்க வேண்டியது பசலைக்கீரை, பீட்ரூட். அதைவிட முக்கியம் உப்பு: ஊறுகாய், கருவாடு, அப்பளம். உப்பு ஏறினால் சிறுநீரில் கால்சியமும் ஏறும். 'கால்சியம் கல்தானே' என்று மோரையும் தயிரையும் நிறுத்துகிறார்கள் பாருங்கள், அது தலைகீழ். சாப்பாட்டில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

பீர் கொஞ்ச நேரம் அதிகமாகப் போக வைக்கும், அப்புறம் உடம்பை வறட்டும். யூரிக் அமிலத்தையும் ஏற்றும். வாழைத்தண்டுச் சாறு பிடித்தால் குடியுங்கள், ஆனால் அதை நம்பி மறு ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். எலுமிச்சைச் சாறு நல்லது, அதிலுள்ள சிட்ரேட் கல் சேர்வதைத் தடுக்கும். உப்பு மட்டும் போடாதீர்கள். ஒரு நாளில் இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். வெயிலில் நிற்கிறவர் அதற்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் வெளுத்திருந்தால் சரி.

5 மி.மீ. கல் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். வரும்போது உயிர் போகிற மாதிரி வலிக்கும், அதற்கு ஊசி இருக்கிறது. பயப்பட வேண்டியது வேறு: கல் வலியோடு குளிர் காய்ச்சல். அடைத்த குழாய்க்குப் பின்னால் சீழ் கட்டிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி.

எங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதனால்தான் வீட்டில் எல்லோருக்கும் கல்லா?

ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்துக்கும் 2013-இல் ஒகேனக்கல் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் செறிவாகும். குடிக்க ஒகேனக்கல் தண்ணீரைப் பிடியுங்கள். ஆனால் வீட்டில் பலருக்குக் கல் என்றால் நான் முதலில் கேட்பது, ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றுதான். பரம்பரையும் உண்டு. தண்ணீர் கெட்டது என்று பயந்து குறைவாகக் குடித்தால் கல்லுக்குக் கொண்டாட்டம்.

கல் ஆபரேஷனில் உள்ளே ஸ்டென்ட் வைத்தார்கள். எடுக்க வரச் சொன்னார்கள். ஓசூரில் கம்பெனி வேலை, லீவு கிடைக்கவில்லை. ஆறு மாதமாகிறது. வலியே இல்லை.

தம்பி, நாளைக்கே கிளம்புங்கள். அது சில வாரம், அதிகம் போனால் மூன்று மாதத்துக்கு வைக்கும் குழாய். நாளானால் அதன் மேலேயே கல் படியும். காலத்தில் வந்திருந்தால் மரத்துப்போகும் ஜெல்லி போட்டுச் சில நிமிடத்தில் எடுத்திருப்பார்கள். இப்போது முதலில் எக்ஸ்ரே. படிந்திருந்தால் அதை உடைக்க இன்னொரு ஆபரேஷன் ஆகலாம். சத்தமில்லாமல் கிட்னியே போன கதைகள் உண்டு. ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை: டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஸ்டென்ட்' என்று இருந்தால் எடுக்கும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

பூப்பண்ணையில் வேலை செய்கிறேன் அக்கா. அடிக்கடி நீர்க்கடுப்பு. மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டால் நின்றுவிடும், அடுத்த மாதம் திரும்ப வரும்.

அந்த இரண்டு மாத்திரைதான் திரும்ப அழைத்து வருகிறது தங்கச்சி. பாதி கிருமி செத்து, மீதி அந்த மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த தடவை மாத்திரை போடுவதற்கு முன் யூரின் கல்ச்சர் கொடுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரிந்துவிடும். எழுதிக் கொடுத்த நாள் முழுக்கச் சாப்பிடுங்கள்.

அப்புறம், வேலை இடத்தில் டாய்லெட் சரியில்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், வருவதையும் அடக்கிக்கொண்டு நிற்கிறீர்கள்தானே? பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டை, கிருமி சீக்கிரம் ஏறிவிடும். அடிக்கடி போனால்தான் அது கழுவிக்கொண்டு போகும். நாலு பேர் சேர்ந்து போய் சூப்பர்வைசரிடம் கேளுங்கள், சுத்தமான டாய்லெட் சலுகை இல்லை. தாம்பத்தியத்துக்குப் பிறகு ஒரு தடவை சிறுநீர் கழிப்பதும் உதவும். 'சூடு' என்று வெந்தயமும் நீர்மோரும் குடிப்பதில் கெடுதல் இல்லை. காய்ச்சலோ முதுகு வலியோ சேர்ந்தால், கர்ப்பமாக இருந்தால், வீட்டு வைத்தியம் வேண்டாம்.

அப்பாவுக்கு 68 வயது, அரூர். ராத்திரி நாலைந்து தடவை எழுவார். போன வாரம் சளிக்கு சிரப் குடித்ததும் சுத்தமாக அடைத்து, டியூப் போட்டார்கள். சிரப்பா காரணம்?

இருக்கலாம். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் பிராஸ்டேட் சுரப்பி ஏற்கெனவே வீங்கி வழியை நெருக்கியிருக்கும். மூக்கடைப்பு மருந்து அந்த வாயை இன்னும் இறுக்கும், தூக்கம் வரவைக்கும் சளி மருந்து பையைச் சோம்பலாக்கும். இனி எந்தக் கடையிலும் 'பிராஸ்டேட் இருக்கிறது' என்று சொல்லி மருந்து வாங்குங்கள். மாத்திரை கொடுத்துச் சில நாளில் டியூபை எடுத்துப் பார்ப்பார்கள், பலருக்குச் சிறுநீர் தானாகப் போய்விடும். போகவில்லை என்றால்தான் ஆபரேஷன் பேச்சு. டியூப் போட்ட சூட்டோடு பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டுக் கேன்சரோ என்று அழ வேண்டாம், அந்த நேரத்தில் அளவு ஏறித்தான் இருக்கும். சில வாரம் கழித்து எடுக்கட்டும்.

பென்னாகரம். வயது 60. ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது, வலி இல்லை, தானாக நின்றுவிட்டது. பீடி உண்டு.

ஐயா, இன்று வந்ததில் எனக்குக் கவலை தந்த கேள்வி இதுதான். பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவக்கும், டி.பி. மாத்திரையில் ஆரஞ்சாகப் போகும். அதெல்லாம் இல்லை என்றால், வலியில்லாமல் வந்த ரத்தம் சிறுநீர்ப்பைக் கேன்சரின் முதல் அடையாளமாக இருக்கலாம். வந்து நின்றுவிடுவது அதன் குணம், குணமானதாக அர்த்தமில்லை. பீடிப் புகையின் நச்சு ரத்தத்தில் கலந்து, கடைசியில் சிறுநீர்ப்பையில்தான் தேங்கி நிற்கிறது. ஸ்கேனோடு, சின்னக் கேமராவை விட்டு உள்ளே பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியும் தேவைப்படும். ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் லாபம்தானே. ஆரம்பத்தில் பிடித்தால் பையை எடுக்காமலே பெரும்பாலும் சுரண்டிச் சரிசெய்யலாம். இந்த வாரமே வாருங்கள்.

இருமினால், தும்மினால் கசிகிறது. மூன்று பிரசவம். வயதானால் இப்படித்தானா?

இல்லை அம்மா. சிறுநீரை நடுவில் நிறுத்த இறுக்குவோமே, அந்தத் தசையை ஐந்து விநாடி இறுக்கி விடுங்கள், பத்து தடவை, தினமும் மூன்று வேளை. மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். சிறுநீர் போகும்போது செய்து பழகாதீர்கள்.

பையனுக்கு 14 வயது. விடியற்காலை விதையில் திடீர் வலி, வாந்தி. இப்போது குறைந்திருக்கிறது. சொல்லவே வெட்கப்படுகிறான்.

இதைப் படித்ததும் கிளம்புங்கள். விதை முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். வலி குறைந்தது நல்ல செய்தி என்று நினைக்காதீர்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம் என்றால் அங்கே, இல்லையென்றால் 108. வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம்.

முதல் தடவை வருகிறோம். என்ன கொண்டுவர வேண்டும்?

பழைய ஸ்கேன், சாப்பிடும் மாத்திரை அட்டைகள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும். முக்கியமாக, தண்ணீர் குடித்து, சிறுநீர்ப்பை நிறைந்தபடி வாருங்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் போய்விட்டு வந்து, ஸ்கேனுக்கு மறுபடி ஒரு மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் தினமும் இரண்டு பேராவது இருக்கிறார்கள்.