பெட்ரோல் பங்க்கும் கடையும் வருகின்றன: ‘பெரிய பாதிப்பு இல்லை’ என்ற ஆய்வை நம்பலாமா?

கேள்வி: சிக்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கும் அதோடு சேர்ந்த கடையும் வரப்போகின்றன. போக்குவரத்துக்குப் பெரிய பாதிப்பு இருக்காது என்கிறது ஆய்வறிக்கை. நம்பலாமா?

எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவை எந்த இடத்தைப் பற்றிப் பேசுகின்றன என்று பாருங்கள். இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. நான் முதலில் தேடுவது பங்க்கின் வாசலைப் பற்றிய பக்கத்தைத்தான்.

பங்க்குக்கு வருகிறவர்களில் பலர் அதற்காகவே வீட்டிலிருந்து கிளம்பி வருவதில்லை, போகிற வழியில் உள்ளே திரும்புகிறார்கள். அதனால் அவர்களைப் புதிய போக்குவரத்துக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, துறையில் ஏற்றுக்கொண்ட முறைதான். உதாரணத்துக்கு, நெரிசலான ஒரு மணி நேரத்தில் 100 வண்டிகள் வந்து போகின்றன என்று வைத்துக்கொள்வோம். வருவது ஒன்று, போவது ஒன்று என 200 பயணங்கள். அதில் 60 சதவீதத்தை வழியில் வந்தவர்கள் என்று கழித்தால் மிஞ்சுவது 80. படிக்கிறவருக்கு ‘80தானே’ என்று தோன்றும். ஆனால் வாசலில் 200 முறையும் ஒரு வண்டி திரும்பியாக வேண்டும். முன்பு நேராகப் போய்விட்ட வண்டி இப்போது வேகம் குறைத்து உள்ளே திரும்புகிறது, பிறகு இடைவெளி பார்த்து மறுபடி சாலையில் நுழைகிறது.

அதிலும் எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே வெட்டித் திரும்புவதுதான் மோசம். மூன்று சாலைகள் கூடும் இடத்தில் வண்டிகளின் பாதைகள் மோதக்கூடிய புள்ளிகள் 9 என்பது பாடக் கணக்கு. எல்லாப் பக்கமும் திரும்ப விடும் வாசலும் அப்படி ஒரு சந்திப்புதான். சிக்னலுக்கு ஒட்டி இருந்தால், சிவப்பு விளக்கில் நிற்கும் வரிசை வாசலை அடைத்துவிடும். வரிசையில் நிற்கும் ஒருவர் நல்லெண்ணத்தில் இடம்விட்டு, “போங்க” என்று கை காட்டுவார். பக்கத்துத் தடம் காலியாக இருக்கிறதே என்று வேகமாக வருபவருக்கு, நடுவே நுழையும் வண்டி கடைசி நொடி வரை தெரியாது. இப்படித்தான் பக்கவாட்டில் இடித்துக்கொள்கிறார்கள்.

தாமதக் கணக்கையும் கவனமாகப் படியுங்கள். அமெரிக்க முறையைப் பின்பற்றும் அறிக்கைகளில் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை தரம் போடுவார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் சராசரிக் காத்திருப்பு 50 விநாடியைத் தாண்டினால் ‘எஃப்’, அதாவது மிக மோசமான தரம். நேராகப் போகிறவர்கள் காத்திருப்பதே இல்லை என்பதால், எல்லோரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அருமையாகத் தெரியும். வாசலிலிருந்து வெளியே வருபவரின் தாமதத்தைத் தனியாகக் கேளுங்கள். காத்திருந்து பொறுமை போனவர்தான் சின்ன இடைவெளியிலும் பாய்வார்.

அப்புறம் கடை. எண்ணெய் போட்ட பிறகும் வண்டியைப் பம்ப் பக்கத்திலேயே விட்டுவிட்டு உள்ளே போவார்கள். பின்னால் நிற்கும் வரிசை வளரும். ஒரு காருக்கு இடைவெளியோடு சுமார் 7.5 மீட்டர் என்று வைத்தால், 4 கார்கள் நிற்க 30 மீட்டர் வேண்டும். வளாகத்துக்குள் அவ்வளவு இடம் இல்லையென்றால் வரிசையின் வால் சாலையில்தான். மூலை மனையாக இருந்தால், சிக்னலைத் தவிர்க்க வளாகத்துக்குள் புகுந்து மறுபக்கம் போகிறவர்களும் இருப்பார்கள். நடந்து போகிறவர்களுக்கு இது பெரிய ஆபத்து.

ஆட்சேபம் எழுதும்போது “நெரிசல் கூடும்” என்று பொதுவாக எழுதாதீர்கள், எடுபடாது. வாசலைச் சிக்னலிலிருந்து முடிந்தவரை தள்ளி வைக்கவும், குறுக்கே திரும்புவதை சென்டர் மீடியன் போட்டுத் தடுக்கவும் கேளுங்கள். தடுத்தால் அந்த வண்டிகள் எங்கே யூ-டர்ன் எடுக்கும் என்றும் சேர்த்தே கேளுங்கள், இல்லாவிட்டால் தொல்லை அடுத்த சந்திப்புக்கு நகரும். டேங்கர் லாரி உள்ளே வந்து, எண்ணெய் இறக்கி, சாலையில் ரிவர்ஸ் எடுக்காமல் வெளியேறும் பாதையை வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். லாரி நிற்கும் நேரத்தில் எத்தனை பம்புகள் அடைபடும் என்பதும் அதே வரைபடத்தில் தெரிந்துவிடும்.